கோ. நா. இராமச்சந்திரன்: முச்சுருளும் சி.டி. ஸ்கேனும்

கோ. நா. இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) உயிர் இயற்பியல் துறையில் உலகப் புகழ் பெற்ற இந்திய அறிவியலாளர் ஆவார். ஜி. என். இராமச்சந்திரன் என்றும் ஜி. என். ஆர். என்றும் அழைக்கப்படுகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் 1952 முதல் 1970 வரை பணியாற்றினார். புரத அமைப்பை ஆராய்பவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் இராமச்சந்திரன் வரைபடத்தால்தான் அவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆனால் மருத்துவத்தின் பக்கமிருந்து பார்த்தால் அவருடைய வேறு இரண்டு பணிகள் முன்னுக்கு வருகின்றன. ஒன்று, தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவத்தைக் கண்டது. திசுப் பொறியியலும் மீளுருவாக்க மருத்துவமும் இன்று இந்தப் புரதத்தைத்தான் பெரிதும் சார்ந்துள்ளன. மற்றொன்று, உடலை அறுக்காமல் அதன் குறுக்குவெட்டைக் காட்டும் சி.டி. ஸ்கேனுக்கான கணக்கு முறை. புற்றுநோய் உள்ளதா, எங்கே உள்ளது, எவ்வளவு பரவியுள்ளது என்று அறிய இன்று முதலில் நாடப்படும் கருவிகளில் சி.டி. ஸ்கேனும் ஒன்று.

அவர் மருத்துவரும் அல்லர், உயிர்மருத்துவப் பொறியியல் படித்தவரும் அல்லர். அப்படியொரு துறை அவர் படித்த காலத்தில் இந்தியக் கல்லூரிகளில் இல்லை.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரனின் குடும்பத்தின் பூர்வீகம் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள கோபாலசமுத்திரம். அவருடைய பெயரின் முதலெழுத்து அந்த ஊரைக் குறிக்கிறது. தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். எர்ணாகுளத்தில் பிறந்த இராமச்சந்திரனுக்குக் கணிதம் வீட்டிலேயே பழகிய பாடம். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பயின்று 1942இல் முடித்தார். அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் இருந்த சர் சி. வி. இராமனின் கண்ணில் பட்டதும் துறை மாறினார். பொறியியல் மாணவராக நுழைந்தவர் படிகங்களை ஆராய்பவரானது இப்படித்தான். கருவிகளைத் தாமே வடிவமைக்கும் ஆர்வம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

1947இல் கேம்பிரிட்ஜ் சென்று கேவண்டிஷ் ஆய்வகத்தில் வூஸ்டர் என்பவரின் வழிகாட்டுதலில் எக்ஸ் கதிர்ச் சிதறல் பற்றி ஆய்ந்து 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் பெங்களூருக்குத் திரும்பினார்.

கிண்டி வளாகம்

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நீண்ட காலம் இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். அவர் மகப்பேறு மருத்துவத்தில் பெயர் பெற்றவர். இயற்பியலுக்குப் புதிய துறை தொடங்க எண்ணிய அவர் முதலில் இராமனை அழைத்தார். இராமன் தாம் வர மறுத்துவிட்டு, தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1952இல் ஏறத்தாழ முப்பது வயதில் இராமச்சந்திரன் துறைத் தலைவரானார். ஒரு மருத்துவர், இயற்பியலுக்கென ஓர் இளைஞரை நம்பிப் பொறுப்பைக் கொடுத்த அந்த முடிவு, கடைசியில் மருத்துவத்துக்கே பலனாகத் திரும்பி வந்தது.

அன்றைய கிண்டி நகரின் தெற்கு விளிம்பு. வளாகத்துக்கு அருகிலேயே, அடையாற்றில், 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. பதனிடும் தொழிலுக்கான நிலையம் அது. விலங்குத் தோலில் பெரும்பகுதி கொலாஜன் என்பதால் அங்கிருந்தவர்களுக்கு அந்தப் புரதம் அன்றாடப் பொருள். சென்னைக்கு வந்திருந்த ஆங்கிலேயப் படிகவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்கு அதுவரை சொல்லப்பட்ட வடிவங்கள் எதுவும் நிறைவளிக்கவில்லை என்று இராமச்சந்திரனிடம் சொன்னார். ஆய்வுப் பொருள் பக்கத்து நிலையத்திலேயே கிடைத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வால் தசைநாண் மற்றவற்றைவிடத் தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது.

முச்சுருள்

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. கொலாஜனில் அந்தக் கோவைக்கு ஒரு விந்தையான ஒழுங்கு உண்டு. அதன் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின்தான். அதற்குப் பக்கக் கிளையாக இருப்பது ஒரேயொரு ஹைட்ரஜன் அணு. இந்த 'மூன்றில் ஒன்று' தற்செயலாக இருக்க முடியாது என்று இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் கருதினர். மூன்று சங்கிலிகள் பக்கம் பக்கமாக நெருங்கி நிற்பதாக வைத்துக்கொண்டால், நடுவில் மிகக் குறைந்த இடமே மிஞ்சும். அந்த இடத்தில் கிளைசின் மட்டுமே நுழைய முடியும். ஒவ்வொரு சங்கிலியிலும் ஒவ்வொரு மூன்றாம் இடமும் நடுப்பக்கம் திரும்பினால் எண்ணிக்கை சரியாகப் பொருந்திவிடுகிறது.

இந்த வடிவம் 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியானது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான், கிண்டிக்குப் பக்கத்தில் அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. இரண்டுக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. அடுத்த ஆண்டு இராமச்சந்திரனும் கர்த்தாவும் தங்கள் வடிவத்தைத் திருத்தினர். மூன்று சங்கிலிகளும் நேராக நிற்கவில்லை, ஒன்றையொன்று முறுக்கியிருக்கின்றன என்றனர். கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமாக முறுக்கியிருக்க, மூன்று புரிகளும் சேர்ந்து எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. இழுத்தால் பிரியாது. தசைநாணின் உறுதிக்கு அடிப்படை இதுவே.

1955ஆம் ஆண்டு முடிவதற்குள் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஏறத்தாழ இதே முறுக்கு வடிவத்தை வெளியிட்டனர். ஆனால் ஒரு நுணுக்கத்தில் மாறுபட்டனர். ஒவ்வொரு மூன்று அமினோ அமிலங்களுக்கும் சங்கிலிகளுக்கிடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றது சென்னை வடிவம். அப்படியிருந்தால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடும், ஒரு பிணைப்புதான் இருக்க முடியும் என்றனர் அவர்கள். டி.என்.ஏ. வடிவத்தைக் கண்ட கிரிக்கின் சொல்லுக்கு அப்போது இருந்த எடை சென்னையிலிருந்து எழுதியவர்களுக்கு இல்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற கேள்வியை இராமச்சந்திரன் சும்மா விடவில்லை. அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் தேடி அணுக்களின் இடைவெளிகளைத் தொகுத்தார். வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய முடியாது என்று ஒரே படத்தில் காட்டினார். 1963இல் வெளியான அந்தப் படமே இராமச்சந்திரன் வரைபடம். ஒரு குறை சொல்லப்பட்டதற்கு விடை தேடப் போய், அந்தக் குறையைவிடப் பன்மடங்கு பெரிய விடை கிடைத்தது. புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்ததாக எவர் சொன்னாலும், அது சரிதானா என்று இன்றும் இந்த வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

ஹைட்ரஜன் பிணைப்பு வழக்கு முடிவுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1968இல் இராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும், இரண்டாவது பிணைப்பு நேரடியாக அமையாமல் நீர் மூலக்கூறு ஒன்றின் வழியாக அமையலாம் என்றனர். 1994இல் அமெரிக்காவில் பெல்லா, பிராட்ஸ்கி, பெர்மன் உள்ளிட்டோர் கொலாஜன் போன்ற சிறு மூலக்கூறு ஒன்றின் படிக அமைப்பை மிக நுட்பமாகக் கண்டனர். நேரடிப் பிணைப்பு ஒன்றுதான், அதில் கிரிக் தரப்பு சரி. ஆனால் சங்கிலிகளைச் சூழ்ந்து பாலமிடும் நீர் மூலக்கூறுகளும் அங்கே இருந்தன. முச்சுருள் என்ற அடிப்படை இரு தரப்புக்கும் பொது, அது முதலில் வந்தது கிண்டியிலிருந்து.

கர்த்தா பின்னர் அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் ஆய்வு நிலையத்துக்குச் சென்றார். அங்கே சக அறிஞர்களுடன் 1967இல் ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் வடிவத்தைக் கண்டார்.

கொலாஜனும் மருத்துவமும்

கிளைசினின் இடம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு நோய் காட்டுகிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும். இந்த நோயுள்ள பலரிடம் கொலாஜன் மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறி, ஒரு கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய அமினோ அமிலம் ஒன்று வந்திருக்கும். நடுவில் இடமில்லாததால் முறுக்கு அங்கே கலைகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகள் கொண்ட சங்கிலியில் ஒரு கண்ணி தவறினால் போதும். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயின் காரணமும் முச்சுருளில்தான் இருக்கிறது. புரோலின் என்ற அமினோ அமிலத்தை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்ற அந்த வைட்டமின் தேவை. மாறாவிட்டால் முச்சுருள் உடல் வெப்பத்தில் நிலைத்து நிற்காது. ஈறுகளில் இரத்தம் கசியும், புண்கள் ஆறா.

உடல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்போது உயிரணுக்களுக்குப் பற்றிக்கொள்ள ஒரு சாரம் வேண்டும். கட்டடத் தொழிலில் மூங்கில் சாரம் போன்றது அது. உடலில் அந்த வேலையைக் கொலாஜன் செய்கிறது. இதைப் பயன்படுத்தி, தீக்காயத்தால் தோலை இழந்தவர்களுக்குச் செயற்கைத் தோல் தயாரிக்க முனைந்தவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த யானிஸ் யான்னஸ் என்ற பொறியாளரும் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவரும். மாட்டுக் கொலாஜனும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த சர்க்கரைப் பொருளும் சேர்த்துப் பஞ்சு போன்ற படலம் ஒன்றைச் செய்தனர். 1981இல் அதன் பயனை வெளியிட்டனர். நோயாளியின் உயிரணுக்கள் அந்தப் படலத்துக்குள் நுழைந்து தம் சொந்தக் கொலாஜனை நெய்கின்றன. பழைய சாரம் மெல்லக் கரைந்துவிடுகிறது. மீளுருவாக்க மருத்துவத்தின் தொடக்கங்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது. அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையமும் விலங்குத் தோல் கொலாஜனிலிருந்து காயங்களுக்கான படலங்களை உருவாக்கும் ஆய்வில் ஈடுபட்டது.

இதே புரதம் புற்றுநோயிலும் வருகிறது. தோல், மார்பகம், குடல் போன்ற உறுப்புகளில் தோன்றும் கட்டி பரவ வேண்டுமானால், கொலாஜனால் ஆன மெல்லிய அடிப்படலத்தை முதலில் துளைத்துச் செல்ல வேண்டும். நுண்ணோக்கியில் அந்தப் படலம் உடைந்திருக்கிறதா என்று நோய்க்குறியியலாளர் பார்ப்பது இதனால்தான். உடையாதவரை புற்று தன் இடத்திலேயே அடங்கியிருக்கிறது என்று பொருள்.

நிழலிலிருந்து உருவம்

1969இல் முதலியார் துணைவேந்தர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு இராமச்சந்திரனும் சென்னையை விட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். இடையிடையே சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். இந்தக் காலத்தில்தான் தம் மாணவர் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து ஒரு கணக்கைத் தீர்த்தார்.

அந்தக் கணக்கு என்னவென்று விளங்கச் சாதாரண எக்ஸ்ரே படத்திலிருந்து தொடங்கலாம். தாம்பரம் சானடோரியம் என்று இரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த நெஞ்சக மருத்துவமனை 1928இல் டாக்டர் சவுரி முத்துவால் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. அதுபோன்ற இடங்களில் மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் நெஞ்சு எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே முடிவெடுத்தனர். படத்தில் தெரிவது நிழல். விலா எலும்பு, இதயம், இரத்தக் குழாய், நுரையீரல் எல்லாமே ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். இதயத்துக்குப் பின்னால் சிறு கட்டி இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். தெரிகிற வெள்ளைப் புள்ளி காசநோய்த் தழும்பா, புற்றுநோயா என்பதும் பல வேளைகளில் விளங்காது.

ஒரு நிழலைக் கொண்டு பொருளின் வடிவத்தைச் சொல்ல முடியாது. ஆனால் எல்லாத் திசைகளிலிருந்தும் நிழல்கள் கிடைத்தால் சொல்ல முடியும் என்பதை ஆஸ்திரியக் கணிதர் யோகான் ராடன் 1917லேயே நிறுவியிருந்தார். சிக்கல் அதை எண்களில் செய்து முடிப்பதில் இருந்தது. மிக எளிய வழி, ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திருப்பி இழுத்துப் பூசுவது. உடலின் நடுவில் ஒரே ஒரு அடர்ந்த புள்ளி இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு திசையிலும் நிழலில் ஒரு கூர்முனை தெரியும். அவற்றைத் திருப்பிப் பூசினால் கோடுகள் எல்லாம் அந்தப் புள்ளியில் வெட்டிக்கொள்ளும். அங்கே வெளிச்சம் மிகும். ஆனால் புள்ளியைச் சுற்றி நட்சத்திரம் போலக் கோடுகள் மிஞ்சி, படம் முழுதும் மங்கிவிடும். இந்த மங்கலை நீக்க ஃபூரியர் உருமாற்றம் என்ற கணித முறை இருந்தது. அதற்கு அக்காலக் கணினிகளில் நேரமும் நினைவகமும் மிகுதியாகத் தேவைப்பட்டன. வட்டமாகக் கிடைக்கும் அளவுகளைச் சதுரக் கட்டங்களுக்கு மாற்றும்போது பிழைகளும் புகுந்தன.

இராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் சொன்ன வழியில் ஃபூரியர் உருமாற்றமே வேண்டியதில்லை. நிழலைத் திருப்பிப் பூசுமுன் அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் அதன் பக்கத்து எண்களைக் கொண்டு திருத்திவிட வேண்டும். எண்ணை நான்கில் ஒன்றாகக் குறைத்துக்கொண்டு, இருபுறமும் அடுத்துள்ள எண்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.101 பங்கைக் கழிக்க வேண்டும். அதற்கடுத்தவற்றை விட்டுவிடலாம். மூன்றாவதாக உள்ளவற்றில் 0.011 பங்கு, நான்காவதற்கு ஒன்றுமில்லை, இப்படியே போகும். இந்தப் பெருக்கெண்களை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை சுழியாகும். இப்படித் திருத்திய நிழலில் கூர்முனையின் இருபக்கமும் சிறு பள்ளங்கள் உண்டாகின்றன. திருப்பிப் பூசும்போது ஒரு திசையின் பள்ளம் இன்னொரு திசையின் தேவையற்ற கோட்டை அழித்துவிடுகிறது. கூட்டலும் பெருக்கலும் தவிர வேறு கணக்கில்லை. கடைசி நிழல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு நிழலும் வரவர அதைத் திருத்திப் பூசிக்கொண்டே போகலாம்.

இது 1971 செப்டம்பரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. அடுத்த மாதமே, அக்டோபர் 1 அன்று, இலண்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு தம் கருவியால் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார். மூளையில் கட்டி தெரிந்தது. இரண்டு பணிகளும் ஒன்றையொன்று அறியாமல் நடந்தவை. ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி பயன்படுத்தியது வேறொரு முறை. ஓர் ஊகப் படத்தில் தொடங்கி, அளவுகளோடு ஒத்துவரும்வரை மீண்டும் மீண்டும் திருத்துவது அது. வேகம் தேவைப்பட்டபோது சி.டி. கருவிகள் திருத்திப் பூசும் முறைக்கு மாறின. பல பத்தாண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. கணினிகள் வலுப்பெற்ற பிறகு, கதிர்வீச்சைக் குறைப்பதற்காக, மீண்டும் மீண்டும் திருத்தும் பழைய எண்ணம் புதிய வடிவில் திரும்பியுள்ளது.

முன்னுரிமை பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967லேயே இதை ஒத்த முறையைக் கையாண்டிருந்தனர். எனவே 'சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்த தமிழர்' என்று சில இடங்களில் எழுதப்படுவது மிகை. எக்ஸ்ரே படங்களுக்கு அந்த முறையைத் தாமாகவே கண்டு, உடனே கையாளத்தக்க எளிய எண்களாகக் கொடுத்தது இராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் இருவரின் பணி. அந்தப் பெருமையே போதிய அளவு பெரியது. 1979இல் சி.டி. ஸ்கேனுக்கான நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மாக்குக்கும் வழங்கப்பட்டது.

புற்றுநோய் அறிதலில்

சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. நீருக்கு 0, காற்றுக்கு −1000. எலும்புக்குப் பல நூறு. நுரையீரலில் பெரும்பகுதி காற்று என்பதால் அங்கே சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியும் பளிச்சென்று தெரியும். குறைந்த கதிரளவு கொண்ட சி.டி. ஸ்கேனை மிகுதியாகப் புகைபிடித்தவர்களிடம் ஆண்டுதோறும் எடுத்தால், நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதைவிட நுரையீரல் புற்றுநோய் இறப்புகள் 20 விழுக்காடு குறைகின்றன என்று அமெரிக்காவில் 53,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2011இல் காட்டியது.

இதை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்த முடியாது. காசநோய் பரவலாக உள்ள நாட்டில், பழைய தொற்றின் தழும்புகளும் சிறு முடிச்சுகளாகவே சி.டி. படத்தில் தெரியும். ஒவ்வொன்றையும் ஊசியால் குத்தி எடுத்துப் பார்ப்பது நோயில்லாதவரையும் நோயாளியாக்கிவிடும். மறுபக்கம், புற்றுநோயைக் காசநோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, காலம் கடந்தபின் உண்மை தெரியவருவதும் நடக்கிறது. நிழலைப் பிரித்துக் காட்டும் கணக்கு கிடைத்துவிட்டது. அந்த நிழல் எதனுடையது என்று சொல்ல இன்னும் சளிப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் வேண்டியிருக்கிறது.

பிற்காலம்

1961இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்ற இராமச்சந்திரன், 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பிற்காலத்தில் இந்தியத் தருக்கவியலின் பக்கம் திரும்பி, சமணரின் சியாத்வாதத்தைக் கணித வடிவில் எழுத முயன்றார். கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் அவரை முடக்கியது. 1998இல் மனைவி இராஜலட்சுமி காலமானார். 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் அவருக்கு எவால்டு பரிசை வழங்கியது. 2001இல் சென்னையில் காலமானார். மகன் இரமேஷ் நாராயண், கருந்துளைகளை ஆராயும் வானியற்பியலாளர்.

அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு 'டிரிபிள் ஹெலிக்ஸ்', அதாவது முச்சுருள் என்று பெயர். 1971இன் கணக்கு முறை, இருவர் பெயரும் சுருங்கி 'ராம்-லாக்' வடிகட்டி என்று உலகெங்கும் வழங்குகிறது. பொறியியல் கல்லூரிகளில் பயன்படும் மேட்லேப் மென்பொருளில் நிழல்களிலிருந்து படத்தை மீட்கும் கட்டளைக்கு வடிகட்டி எதையும் குறிப்பிடாமல் விட்டால், கணினி தானாக எடுத்துக்கொள்வது ராம்-லாக்கைத்தான்.